கட்டிலருகே வந்த தொலைக்காட்சி

கேபிளைக் கூரையோரமாகக் கொண்டுபோனேனா, தரையோரமாகவா என்பது இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை. இரண்டு விதமாகவும் கண்ணுக்குள் தெரிகிறது. நீங்கள் எங்கள் ஊர் உடப்புக்குப் போய் வீட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆணிகளை நான் கழற்றவில்லை.

எங்கள் வீடு ஒரே நீண்ட அறை. தொலைக்காட்சி வாசல் பக்கம் இருந்தது. கூரையிலுள்ள டிஷ்ஷிலிருந்து வயர் அங்கேதான் இறங்கியது. அண்ணன் கனகசுந்தரத்தின் கட்டில் மறுகோடியில், பின் ஜன்னலோரம். பாரிசவாதத்தில் அவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. குரல் மட்டும் விழவில்லை. கடற்கரையில் கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டுப் பாடியவர் அவர். முதல் அடியை அவர் எடுத்துக்கொடுத்தால், சும்மா நின்றவனும் வந்து கயிற்றைப் பிடித்துப் பதில் பாடுவான்.

அவரைப் பார்க்க நான் ஒருவன்தான். படுக்கை அடிக்கடி நனைந்தது. தண்ணீரைக் குறைத்தால் நனைவதும் குறையும் என்று நினைத்தேன். குறைந்தது. ஆனால் அவர் கூப்பிடத் தொடங்கினார். ஜன்னலுக்கு அப்பால், வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டு இரஞ்சிதம் அக்கா சமைக்கும் குசினி. அவள் செம்போடு வந்துவிடுவாள்.

"என்ன தம்பி, அண்ணருக்குத் தண்ணியும் குடுக்கிறேல்லையே? நாக்கு ஒட்டிக் கிடக்குது."

"இப்பதான் குடுத்தனான் அக்கா. அவர் மறந்திடுறார்."

அதன் பிறகுதான் சிலாபத்துக்குப் போய்க் கேபிள் வாங்கினேன். பழைய வயரையும் புதுக் கேபிளையும் இணைத்தபோது முதலில் படம் வரவில்லை. வயரின் வெளிக்கம்பிப் பின்னலில் ஒரு இழை நடுக்கம்பியில் தொட்டுக்கொண்டிருந்தது. பொறுமையாகப் பிரித்து, இழையை மடித்து, மறுபடி பூட்டினேன். படம் தெளிவாக வந்தது. தொலைக்காட்சியை அண்ணனின் தலைமாட்டில், ஜன்னலைப் பார்க்க வைத்தேன். சத்தத்தைக் கூட்டினேன்.

"எனக்கு டீவி வேணாமடா. தண்ணி தா."

"பாருங்கோ அண்ணன், பொழுது போகும்."

அவரால் தலையைத் திருப்ப முடியாது.

வேலிக்கு அங்காலிருந்து இரஞ்சிதம் அக்கா சிரித்தாள். "உங்களுக்கென்ன கனகண்ணன், ராசா மாதிரிக் கிடந்து நாடகம் பாக்கிறியள். என்ர மனுசன் எனக்கொரு ரேடியோ கூட வாங்கித் தரேல்லை."

செம்பு வருவது நின்றது. அண்ணன் கூப்பிட்டது நாடகத்து அழுகைகளோடு கலந்து போனது.

ஒரு பின்னேரம் அவர் மூச்சைச் சேர்த்து அம்பாவின் முதல் அடியை எடுத்தார். அலைக்கு மேலே கேட்ட குரல், தொலைக்காட்சிக்கு மேலேயும் கேட்டது. அம்பா கேட்டால் ஆள் வரும் என்று நம்பியிருப்பார்.

யாரும் வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே பதில் பாடினார்கள். குசினியிலிருந்து இரஞ்சிதம் அக்கா, கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள், எங்கள் ஒழுங்கைத் தெரு முழுவதும், "ஏலேலோ" என்று.

"கேட்டியே தம்பி, அண்ணருக்குச் சுகம் வருகுது!"

"ஓம் அக்கா," என்றேன்.

அவர் மறுபடி எடுத்தார். அவர்கள் மறுபடி பாடினார்கள். பிறகு அவர் எடுக்கவில்லை. ஒழுங்கை கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது.

விடிந்தபோது அண்ணன் இறந்திருந்தார். உடலில் நீரே இல்லை என்று வைத்தியர் சொன்னார். இரஞ்சிதம் அக்கா தன் குசினி ஜன்னலுக்குப் பலகை அடித்துவிட்டாளாம். யாரோடும் கதைப்பதில்லையாம். வலைக்காரர் அந்த அடியை இப்போது பாடுவதில்லை. நான் இங்கே கம்பிக்குள் இருக்கிறேன். கேட்டால் தண்ணீர் தருகிறார்கள்.

தண்ணீரை நிறுத்தியவன் நான்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் கேபிளை இழுத்தது அவருக்குப் பொழுது போகட்டும் என்றுதான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.