இரண்டு தடவையும் புதுசு

எனக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது, அண்ணி. சாவு வீட்டில்கூட வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடியவன் நான். என்னிடம் உள்ள கெட்ட குணம் அது ஒன்றுதான். அண்ணன் காதுக்கு என்ன ஆயிற்று, கூடவே இருந்தவன் நீதானே, உள்ளதை எழுதிக் கொடு என்றீர்கள். எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் நேராக இருக்கும்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் நான் பெட்டி தூக்குகிறவன். ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒரு கன்றுக்குட்டி கனம். பன்னிரண்டு வருடம் தூக்கியதில் இடுப்பு விட்டுப்போயிற்று. அங்கே பாட்டைக் கலந்து கொடுக்கிற அண்ணனோ காதுக்குப் பேர்போனவர். பாட்டின் நடுவில் பாடுகிற பெண் எச்சில் விழுங்கினால்கூட, இங்கே பார் என்று நிறுத்திக் காட்டுவார்.

உங்கள் தம்பி, எங்கள் முதலாளி, புது மென்பொருள் வாங்கியதில்தான் ஆரம்பம். பாட்டைப் பதிந்து, கலந்து, முடித்துக் கொடுக்கிற மென்பொருள். பழையதைவிட இதில் சத்தமே தனி என்றார். பையை மாற்றினால் சர்க்கரைக்கு இனிப்பு கூடுமா என்று அண்ணன் கேட்டார். பேச்சு முற்றி, ஒரே பாட்டை இரண்டிலும் செய்து, கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டுப் பார்ப்பதென்று முடிவாயிற்று. திரையில் இரண்டு கட்டம்: பழசு, புதுசு. மாற்றி மாற்றி அழுத்த ஓர் ஆள் வேண்டும். எது ஓடுகிறதென்று அந்த ஆளுக்கே தெரியக் கூடாது.

"இவன்தான் சரி. இவனுக்கு எழுத்தும் ஒண்ணுதான், எறும்பும் ஒண்ணுதான்" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோபமெல்லாம் இல்லை.

இரண்டு வருடமாக நான் மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. மௌஸ் கைக்கு வந்ததும் முதலில் புதுசை அழுத்தினேன். அழுத்திவிட்டு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். பு, து, சு. சொல்லும்போது மூன்றும் ஒரே மாதிரி முடிகிறது, வால் மட்டும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தினுசு. அந்த அழகில் கை நகரவில்லை. அடுத்தது போடு என்று குரல் வந்ததும் மறுபடி புதுசையே அழுத்திவிட்டேன். சத்தியமாக அது கைத்தவறுதான்.

"முதல்ல வந்தது தகரம். இது பாரு, வெல்வெட்டு" என்றார் முதலாளி. கிட்டார்க்காரர் தன் கிட்டாருக்கு இப்போதுதான் உயிர் வந்தது என்றார். என் வயிற்றுக்குள் சிரிப்பு குமிழ் விட்டது. மூன்றாவது தடவையும் புதுசு. நாலாவதும் புதுசு. ஒருவர் ஆழம் என்றார், ஒருவர் காற்றோட்டம் என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

அண்ணன் மட்டும் கண்கட்டை அவிழ்த்துவிட்டு, "எல்லாம் ஒண்ணுதான்டா. மயிரிழை வித்தியாசம் இல்ல" என்றார்.

முதலாளி அவர் தோளில் கை போட்டார். "அத்தான், உங்களுக்குக் காது போயிடுச்சு. இனிமே மிக்ஸிங் நான் பாத்துக்கறேன்." தன்மையாகத்தான் சொன்னார். அந்த அறையிலேயே சரியாகக் கேட்ட காது அது ஒன்றுதான். சொல்லியிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும்.

மறுநாள் மதியம் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, எனக்கு மட்டும் மாத்தி மாத்திப் போடு. பிடிபடுற வரைக்கும் விடமாட்டேன்."

அதுவரை என்னை அவர் தம்பி என்றதில்லை. மனசு குளிர்ந்துவிட்டது. திரைக்கு முதுகு காட்டி அவர் உட்கார்ந்தார். புதுசு. மறுபடி புதுசு. ஹெட்ஃபோனை இறுக்கிக்கொண்டு, தெரியவில்லையே, சத்தத்தைக் கூட்டு என்றார். கூட்டினேன். தினமும் மதியம் அப்படியே. முதல் வாரம் பாதி, மூன்றாம் வாரம் முக்கால், பிறகு சத்தக் குமிழ் திரும்புகிற மட்டும். தள்ளி நின்ற எனக்கே பாட்டு வரி வரியாகக் கேட்டது. இடது காதில் வண்டு புகுந்தாற்போல் இருக்கிறதென்றார். பழகிவிடும் என்றேன். உழைக்கிற உடம்பில் எது வலிக்காமல் இருக்கிறது?

ஒருநாள் அவர் கை கழுவப் போன சமயம் பழசையும் புதுசையும் நானே போட்டுக் கேட்டேன். அண்ணன் சொன்னது சரி. இரண்டும் ஒன்றேதான்.

நாற்பத்தோராம் நாள் சட்டென்று கையைத் தூக்கினார். "கேட்டுடுச்சுடா தம்பி. ரெண்டாவதுல மேல மணி மாதிரி ஒண்ணு ஓடுது." அழுதுகொண்டே என் இரண்டு கையையும் பிடித்துக் குதித்தார். விட்டுப்போன இடுப்போடு நானும் குதித்தேன். பாட்டில் மணியே கிடையாது. அது அவர் காதுக்குள் அடித்த மணி. அவ்வளவு சந்தோஷத்தை எந்த மனிதன் கெடுப்பான்?

இப்போது அவருக்கு அந்த மணி மட்டும்தான் கேட்கிறது. நீங்கள் கூப்பிட்டால் திரும்புவதில்லை. நான் வந்து சிலேட்டில் எழுதிக் காட்டினால்தான் அவருக்குப் பொழுது விடிகிறது. என் எழுத்தை அவர் விரல் வைத்துப் படிக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும், அண்ணி.

நேற்று, "மணி கேட்ட அன்னிக்கு ரெண்டாவதா போட்டது எது?" என்று கேட்டார். புதுசு என்று எழுதிக் காட்டினேன். குழந்தை மாதிரி சிரித்தார். முதலில் போட்டது எது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் சரியாகவே எழுதியிருப்பேன். எழுத்துக் கற்ற நாளிலிருந்து நான் ஒரு பொய்கூட எழுதியதில்லை.