சோஃபியா அம்மா சிரித்த படங்கள்

கடல் படங்களைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, மரியா அக்கா. நான் கடலைப் பார்த்ததில்லை. உங்கள் அப்பா, "எந்த மாதிரி நீலம் அது?" என்று கேட்பார். முதல் நாள், "சொட்டு நீலம் அதிகமா போட்டுட்ட வேட்டி மாதிரி இருக்கு சார்" என்றேன். அவர் கைதட்டிச் சிரித்தார். "பெர்னா, அத அப்படியே எழுதிக்கோ. கிரீஸ் கடலை இதுக்கு மேல எவனும் சொல்ல முடியாது" என்றார்.

நேற்று நீங்கள் என்னை எதிரில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேட்டீர்கள். ஆள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

பெங்களூர் ஜோகுபாளையம் வீட்டுக்கு நான் வந்தது போன ஜூன் மாதம். அப்போது உங்கள் அம்மா, சோஃபியா அம்மா, இறந்து மூன்று மாதம். சர்க்கரை வியாதியில் சாருக்கு இரண்டு கண்ணும் போய் இரண்டு வருடம். ஃபாதர்தான் என்னைக் கொண்டுவந்து விட்டார். "பொண்ணு ஒன்பதாவதோட நின்னுட்டா. ஆனா கையெழுத்து நல்லா இருக்கும். வாயே தொறக்க மாட்டா" என்றார். சார், "வாய் தொறக்கலன்னா எனக்கு எப்படி ஃபாதர் வேலைக்கு ஆவும்?" என்றார்.

வேலையை நீங்களே டொராண்டோவிலிருந்து போனில் சொன்னீர்கள். காலையும் மாலையும் சாருக்கு இன்சுலின் ஊசி போட வேண்டும். நடுவில் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு படமாகத் திறந்து அதில் என்ன இருக்கிறது என்று சாருக்குச் சொல்ல வேண்டும். அந்த ஊரைப் பற்றி அவர் மனதில் தோன்றுவதைச் சொல்வார், நான் எழுத வேண்டும். முப்பது வருடப் பயணம், ஐயாயிரத்துச் சொச்சம் படங்கள். எல்லாம் புத்தகமாகி சோஃபியா அம்மாவின் முதல் வருடப் பூசையில் வெளிவர வேண்டும். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால்தான் பத்திரம் என்று இரண்டாவதை வாங்கி அனுப்பியதும் நீங்கள்தான்.

படம் எடுப்பதில் சாருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு கோபுரம் எவ்வளவு உயரம் என்று தெரிய வேண்டுமானால் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பார். அந்த ஆள் எப்போதும் சோஃபியா அம்மா. ஹம்பித் தேரின் சக்கரத்துக்குப் பக்கத்தில், லடாக்கில் ஒரு பாறைக்குக் கீழே, இஸ்தான்புல்லில் ஒரு மசூதி வாசலில், விரல் அளவுக்கு நிற்பார்கள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொல்வேன்.

"சிரிக்கிறாளா?"

"வாய் மூடாம சிரிக்கிறாங்க சார்."

"அது போதும் எனக்கு. மேல சொல்லு."

கண் போனதைக்கூடப் பெரிதாக நினைக்கவில்லை, அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோகிறது, அதுதான் பயமாக இருக்கிறது என்று ஒருநாள் சொன்னார். இந்தப் புத்தகம் அவருக்கு எதற்கு என்று எனக்கு அன்று புரிந்தது. அந்த மூன்று மாதமும் நான் ஒழுங்காகவே வேலை செய்தேன்.

செப்டம்பரில் 'கே.ஜி.எஃப். 2016' என்ற தொகுப்பைத் திறந்தேன். நான் அந்தக் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள் என்பதை சாரிடம் சொல்லியிருக்கவில்லை. அவர் கேட்டதும் இல்லை. துருப்பிடித்த இரும்புக் கோபுரங்கள், சயனைட் மண்மேடு, பூட்டிய ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அடுத்த படத்தில் என் அம்மா பெட்டிக்குள் படுத்திருந்தாள்.

உங்கள் பக்கத்திலும் இந்த வழக்கம் இருக்கும். பெட்டியை மூடுவதற்கு முன்னால் வீட்டார் எல்லோரும் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வோம். அதுதான் சுவரில் ஏறும். கல்லறைத் திருநாளில் அதைத் துடைத்து மாலை போடுவோம். அந்தப் படம் இல்லாத சாவு பாதிச் சாவு மாதிரி. அன்றைக்கு ராபர்ட்சன்பேட்டை ஸ்டுடியோக்காரர் வரத் தாமதமாகிவிட்டது. எங்கள் லைனைப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெங்களூர் சாரிடம் அப்பா கெஞ்சிக் கேட்டார். அவர் வந்து எடுத்தார். அது உங்கள் அப்பா என்பது எனக்கு இந்தத் திரையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. படத்தைத் தபாலில் அனுப்புவதாகச் சொல்லி முகவரியும் வாங்கிக்கொண்டார். பத்து நிமிடம் கழித்து ஸ்டுடியோக்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அப்பா அவரை வாசலோடு திருப்பி அனுப்பினார். "பெரிய கேமராவுல சாரே எடுத்துட்டாரு. மறுபடி எடுத்தா அவர நம்பலன்னு ஆயிடும்" என்றார். துக்கத்திலும் அப்பாவுக்கு மரியாதை முக்கியம்.

மூன்று வருடம் அப்பா தபால்காரரை வழிமறித்துக் கேட்டார். தபால்காரர் எங்கள் லைனுக்கு வேறு வழியாக வர ஆரம்பித்தார். அம்மாவுக்கு வேறு படம் கிடையாது. ஆதார் அட்டையில் ஒன்று இருக்கிறது. அதில் எல்லோரையும் போல அவளும் பிடிபட்ட திருடி மாதிரி இருப்பாள்.

"அடுத்தது என்னம்மா, தூங்கிட்டியா?" என்றார் சார்.

"ஒரு சாவு வீடு சார்."

அவர் முகம் மலர்ந்தது. "அதா! என் லைஃப்லயே பெஸ்ட் ஷாட் அது. பெர்லின்ல ஒரு ஷோல ஸ்க்ரீன்ல போட்டேன், ஹாலே எழுந்து நின்னு கை தட்டிச்சு. முன்னாடி ஒரு சின்ன பொண்ணு நிக்கும் பாரு. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. என்னா ஃபேஸ் தெரியுமா அது! எழுதிக்கோ. 'வறுமைக்கு அழக்கூட நேரமில்லை.'"

எழுதிக்கொண்டேன். நான் அன்று அழாததற்குக் காரணம் வறுமை இல்லை. அசையாமல் நில் என்று அவர்தான் சொன்னார்.

"அவங்களுக்குப் படம் குடுத்தீங்களா சார்?" என்று கேட்டேன்.

"குடுக்கணும்னுதான் இருந்தேன். சோஃபி நச்சரிச்சுக்கிட்டே இருந்தா. அட்ரஸ் எழுதுன சீட்டு பேன்ட் பாக்கெட்டோட மிஷின்ல போயிடுச்சு. அதுக்குன்னு மறுபடி அங்க போயா தேட முடியும்? அவங்களும் மறந்திருப்பாங்க, விடு. சோஃபி அதுல இருக்காளா?"

"ஓரத்துல இருக்காங்க சார். அழறாங்க."

"அழுவா, அழுவா. அவளுக்கு யார் செத்தாலும் அழுகை வரும்."

உண்மையில் ஓரத்தில் இல்லை. சோஃபியா அம்மா எனக்குப் பின்னால் நின்று என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஐயாயிரம் படத்தில் அவர்கள் சிரிக்காதது அந்தச் சாவு வீட்டில் மட்டும்தான். அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

மறுநாளிலிருந்து, சொல்லி முடித்த படங்களை, பழையவற்றையும் சேர்த்து, நான் அழிக்க ஆரம்பித்தேன். இரண்டு டிஸ்க்கிலும் அழித்துக் குப்பைத்தொட்டியையும் காலி செய்வேன். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது. சார் பக்கத்து நாற்காலியில் காபி குடித்துக்கொண்டிருப்பார். பார்க்க முடியாத ஒருவருக்குப் படம் எதற்கு என்று யோசித்துப் பார்த்தேன், நியாயமாகத்தான் பட்டது. சொன்ன வார்த்தை அவருக்கு இருந்தது. எங்களுக்கு ஒன்பது வருடமாக அதுதானே இருந்தது.

ஒரு வாரம் கழித்து வெனிஸ் வந்தது. சோஃபியா அம்மா படகில் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்கள்.

"சிரிக்கிறாளா?"

"இல்ல சார். தண்ணியப் பாத்துக்கிட்டு இருக்காங்க."

அவர் காபியைக் கீழே வைத்தார். "வெயிலா இருந்திருக்கும்" என்றார்.

அடுத்த படத்தில், "தள்ளிப் போய் நிக்கிறாங்க சார்" என்றேன். அதற்கடுத்ததில், "அழுது முடிச்ச மாதிரி இருக்கு." நான் மிகைப்படுத்தவில்லை. பத்து படத்துக்கு ஒன்றில் முகம் சரியாகத் தெரியவில்லை என்றும் சொல்வேன். நவம்பரில் அவர் ஊரையே கேட்பதை நிறுத்திவிட்டார். ரோமா, ராமேஸ்வரமா என்பது அவருக்கு வேண்டாம். "அவ மூஞ்சி எப்படி இருக்கு?" இது ஒன்றுதான் கேள்வி. அந்த மாதம் உங்களுக்குப் போன் செய்து, "உங்கம்மா என்கூட நல்லா இருந்தாளா?" என்று கேட்டார். நீங்கள் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னீர்கள்.

டிரேவர் அங்கிள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தார். அவரும் அவர்களோடு பல ஊர் போனவர், சாரை ஓஸி என்றுதான் கூப்பிடுவார்.

"டேய் ஓஸி, அவ சிரிச்சு சிரிச்சே என் ஒரு காது போச்சுடா. லடாக்ல அந்த டிரைவர் வண்டிய நிறுத்திட்டான், ஞாபகம் இல்ல?"

"நீ என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற. ஃபோட்டோ பொய் சொல்லாது டிரேவர்."

"காட்டு, நான் பாக்கறேன்."

"வேணாம்" என்றார் சார். "நீ பாக்கறது எனக்கு வெக்கமா இருக்கு. நான் அவள நிக்க வச்சு நிக்க வச்சு எடுத்திருக்கேன்டா. ஒருதடவகூட அவ மூஞ்சியப் பாத்திருக்க மாட்டேன் போல."

டிரேவர் அங்கிள் எழுந்து போய்விட்டார். எனக்கு அன்று அவர்மேல்தான் கோபம் வந்தது. ஒரு நண்பர் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம்.

ஜனவரியில் புத்தகம் வேண்டாம் என்றார். பிறகு பூசையும் வேண்டாம் என்றார், எந்த முகத்தோடு போய் நிற்பேன் என்று. பிப்ரவரியில் ஊசி வேண்டாம் என்றார். நான் வற்புறுத்தவில்லை. பெரியவர்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகு வற்புறுத்துவது மரியாதை இல்லை. நீங்கள் போனில் கேட்டபோது, "அப்பா நல்லா இருக்காரு அக்கா, தூங்கறாரு" என்றேன். தூங்கிக்கொண்டுதான் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். குரல் சரியாக எழும்பவில்லை. "பெர்னா, எல்லாத்தையும் ஒருதடவ பாத்துரும்மா. ஒரு படத்துலயாவது சிரிச்சிருப்பா. ஒண்ணு போதும்" என்றார்.

நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அதற்கு இரண்டு வாரம் முன்பே எல்லாவற்றையும் அழித்து முடித்திருந்தேன். காலியான திரைக்கு முன்னால் கால் மணி நேரம் உட்கார்ந்தேன், மௌஸைத் தட்டிக்கொண்டே. அந்தச் சத்தம் அவருக்குக் கேட்க வேண்டும்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.

அதை நீங்கள் பொய் என்று சொல்ல முடியாது. அப்போது ஒன்றும் இல்லை.

புதன்கிழமை காலை அவர் எழுந்திருக்கவில்லை. சர்க்கரை என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். அதுவும் உண்மைதான். நீங்கள் டொராண்டோவிலிருந்து வந்து சேர்ந்ததும், பெட்டியை மூடுவதற்கு முன்னால் என்னிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னீர்கள். எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி எடுத்தேன், உடனே உங்கள் கையில் கொடுத்தேன்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் ஒன்று கேட்பீர்கள். என் அம்மாவின் படத்தையாவது எடுத்துவைத்திருப்பேன், அதில் உங்கள் அம்மாவும் இருப்பார்களே என்று. என் பையையும் அலமாரியையும் நேற்றே கொட்டிப் பார்த்துவிட்டீர்கள். அந்தச் சாவு வீட்டில் எடுத்தது மொத்தம் பன்னிரண்டு படம். கடைசியாக அவற்றைத்தான் அழித்தேன். என் அப்பாவிடம் சொல்லவில்லை. அவை சார் எடுத்த படங்கள், அவருடைய சொத்து. அடுத்தவர் பொருளை எடுத்து வைத்துக்கொள்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.