கவுத்து வச்ச வாளி

அந்த வாளிய நகத்தாதீங்க தங்கச்சி. கவுத்தபடியே இருக்கட்டும். இந்தாங்க, நாற்காலி. கொஞ்சம் ஆடும். ராத்திரிக் காவலுக்கு இருக்கற ஜாகாவுக்கு நல்ல நாற்காலியா குடுப்பாங்க? கொப்பி ஓ தான் இருக்கு, பால் இல்ல. அவசரமில்ல, குடிங்க. டூட்டி முடிஞ்சு போனா வீட்டுல யாரு காத்துக்கிட்டிருக்கா? வீட்டுக்காரி குணசுந்தரி ஜொகூர்ல மக வீட்டோடயே தங்கிட்டா, மூணு வருசமாச்சு. சண்டையெல்லாம் இல்ல லா. நான் பகல்ல தூங்குவேன், அவ ராத்திரியில தூங்குவா. ஒரு வீட்டுல இருந்துக்கிட்டே பேச்சு மறந்து போச்சு.

மறுபடியும் அதே கேள்வியா? போன தடவையே உங்க வனவிலங்கு இலாகா பாரத்துல எழுதினீங்களே. பக்கிரிசாமி, பதினோரு வருசமா இந்தக் காட்டோரத்துல காவல், தடம் பாக்கல, சத்தம் கேக்கல. அப்படியே எழுதிக்கங்க. ஆனா புலின்னு மட்டும் இங்க வாய் விட்டுச் சொல்லாதீங்க. பாருங்க, உங்களால நானும் சொல்லிட்டேன். பெரியவர்னு சொல்லணும். தோட்டத்துல எல்லாரும் அப்படித்தான். பேரச் சொன்னா கூப்பிட்ட மாதிரி ஆயிரும்.

ரெண்டு மாசம் கேமரா வச்சும் ஒண்ணுமில்லயா? பன்னி, முள்ளம்பன்னி, அப்புறம்? நானா? நாப்பது படத்துலயா! ஐயோ, சிரிக்காதீங்க லா. காலையில அந்த ஓடைப் பக்கம் போவேன். ஆபீசுல யாராவது உக்காந்து பாப்பாங்களேன்னு தலைய சீவிக்கிட்டுத்தான் போவேன். ஒரு நாள் கையக்கூட ஆட்டினேன். தெரிஞ்சுதா?

சரி, இப்ப என்னன்னு எழுதுவீங்க? இந்தக் காட்ட லிஸ்டுலேருந்து எடுத்துருவாங்களா? ஓ. காடு நெறைய, ஆளு கம்மி. பெரியவர் இருக்கற எடத்துக்குத்தான் மொதல்ல ரோந்து. நியாயந்தான், இல்லாத எடத்துக்கு யாரு காவல் போடுவா? நானும் போன்ல படிச்சேன், நாடு முழுக்கத் தேடினாலும் நூத்தம்பது தேறாதாமே. அப்ப இந்தக் காடு? வெட்டிட்டு, எண்ணெய் எடுக்கற செம்பனை போடவா? எப்ப கையெழுத்தாகுது? திங்கக்கெழமயேவா?

இருங்க. பைய மூடாதீங்க.

நாலு வருசத்துக்கு முன்ன ஒரே ஒரு தடவ வாயத் தொறந்தேன். லூனாஸ் டவுன்ல, கொப்பிக் கடையில, என் கூட்டாளி தர்மலிங்கத்துக்கிட்ட. சந்தோசம் தாங்கல எனக்கு. பெரியவரு என் லைட்டுக்கு முன்னால குறுக்கப் போனாருடான்னு சொன்னேன். அவன் நல்லவன். பக்கத்து மேசையில யாரு இருந்தான்னு ரெண்டு பேருமே பாக்கல. பத்தே நாள்ல காட்டுல கம்பிச் சுருக்கு. நான் போய்ப் பாக்கும்போது முன்னங்கால் பாதி கம்பியில இருந்துச்சி. மத்தது இல்ல, தூக்கிட்டுப் போயிட்டானுங்க.

அன்னையிலேருந்து விடியறதுக்கு முன்ன செம்பனை மட்டைய வச்சு இந்த மண் ரோட்டப் பெருக்கறேன். பழம் வெட்டறவங்க வரும்போது ஒரு தடம் இருக்காது. மேஸ்திரி மண்டோரு என்னைய சுத்தக்காரன்னு நெனச்சுக்கிட்டிருக்காரு. கேமரா வைக்க நீங்க வழி கேட்டப்ப ஓடையக் காட்டுனனே, அந்தப் பக்கம் இப்ப இருக்கற இன்னொண்ணு போகவே போகாது. இங்கதான் வரும், இந்தக் கொட்டாய் ஓரமா. வேற யாரு வர்றா எங்கிட்ட?

மறைச்சா பொழச்சுக்கும்னு இருந்தேன் தங்கச்சி. இல்லன்னே எழுதிக் குடுத்துருவாங்கன்னு யோசிக்கல.

முந்தாநேத்து மழை விட்டப்புறம் மட்டையோட வந்தேன். எல்லாத்தையும் பெருக்கிட்டேன், ஒரு எடத்துல மட்டும் கை வரல.

அளக்கற டேப்பு இருக்குல்ல? இப்ப வாளியத் தூக்குங்க. மெதுவா. பெரிய தடத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒண்ணு இருக்கும், என் உள்ளங்கை அளவுகூட வராது. அதையும் எழுதிக்கங்க.

படம் எடுத்ததும் சொல்லுங்க, பெருக்கிடறேன். பழம் வெட்டறவங்க வர்ற நேரம்.