புதுசு எண்டு தெரியக்கூடாது

ஸ்டைலோ? திருப்பி ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம், தங்கச்சி. உந்தத் தூணுக்குப் பக்கத்திலை குடையை ஊண்டிக்கொண்டு நிக்கிற ஆளைத்தானே சொல்லுறியள்? உங்களுக்கு ஆளைத் தெரியாது, அதுதான் உப்பிடி ஒரு சொல் வருகுது. எனக்குத் தெரியும். இண்டைக்கு உவரை இஞ்சை கூட்டிக்கொண்டு வந்ததும் நான்தான். என்ரை கொரோலாவிலை, முன் சீற்றிலை, தொப்பியை மடியிலை வைச்சுக்கொண்டு வந்தவர். தலையிலை போட்டால் கூரையிலை முட்டி நெளிஞ்சுபோடுமாம்.

ஓம், தமிழ்தான். பின்னை? யாழ்ப்பாணத்துப் பாசையூர். பேர் கிறகரி. நீங்கள் ஏதோ ஒரு நாட்டுத் தூதுவர் எண்டு நினைச்சிட்டியளாக்கும். கனபேர் அப்பிடி நினைக்கிறவை. வாயைத் திறந்தால் தெரிஞ்சுபோடும்.

இருங்கோ, நிண்டு என்ன செய்யப்போறியள். பிளேன் இறங்கிப்போட்டுது எண்டு போட்டிருக்கு, ஆனால் ஆக்கள் வெளியாலை வர ஒரு மணித்தியாலம் செல்லும். உங்கடை ஆக்களும் அந்தப் பிளேன்தானே? மாமியோ? அப்ப இருங்கோ. எனக்கும் ஆரோடையாவது கதைச்சுக்கொண்டிருந்தால் நல்லது.

வாறது உவன்ரை தம்பி, றெக்ஸ். இருபத்தெட்டு வருசத்துக்குப் பிறகு ரெண்டுபேரும் முகம் பாக்கப்போயினம். சனிக்கிழமை கிறகரியின்ரை மகள் ஷெரோனுக்குக் கலியாணம். மூண்டுதரம் விசாவை மறுத்து, நாலாந்தரம்தான் குடுத்தவங்கள். போன கிழமை றெக்ஸ் போனிலை சொன்னவனாம், அண்ணை, உங்களோடை ஒரு விசயம் கதைக்கவேணும், போனிலை வேண்டாம், வந்து நேரிலை சொல்லுறன் எண்டு. என்னவாயிருக்கும் அரி, என்னவாயிருக்கும் எண்டு கிறகரி ஒரு கிழமையா என்னைப் போட்டு அரிக்கிறான். எனக்கெப்பிடித் தெரியும்? நான் என்ன சாத்திரியோ?

இல்லையில்லை, எனக்கொரு பதட்டமும் இல்லை. உந்தக் கதவு திறந்து திறந்து மூடுது, அதாலை பாக்கிறன்.

சரி, உடுப்பை வடிவாப் பாருங்கோ. ஜூன் மாசம், வெளியாலை முப்பது பாகை வெயில். உவர் போட்டிருக்கிறது கம்பளிச் சூட்டு. கோட்டுக்குள்ளை வெஸ்கோட்டு, வெஸ்கோட்டிலை சங்கிலி மணிக்கூடு. அது ஓடாது. நேரம் பாக்கிறதெல்லாம் போனிலை. கழுத்திலை வண்ணாத்திப்பூச்சி மாதிரி ஒரு ரை, அதுவும் கொழுவுற சாமான் இல்லை, கண்ணாடிக்கு முன்னாலை இருபது நிமிசம் நிண்டு கையாலை கட்டுறது. கொஞ்சம் கோணலா இருக்குப் பாத்தனீங்களோ? அது கோணலா இருக்கவேணுமாம். நேரா இருந்தால் கடையிலை கட்டினது எண்டு நினைப்பினமாம். காலிலை நாவல்பழ நிறத்திலை மேஸ். சப்பாத்துக்கு மேலை வெள்ளைத் துணியிலை ஒரு உறை, புண்ணுக்குக் கட்டுப்போட்ட மாதிரி. கோட்டிலை குத்தியிருக்கிற பூ எங்கத்தையான் எண்டு நினைக்கிறியள்? எங்கடை கட்டடத்துக்குக் கீழை இருக்கிற தெப்பனர் பெட்டிக்கடையிலை, வாளிக்குள்ளை வைச்சு விக்கிற பூ.

ஆரின்ரை முறையடா இது எண்டு கேட்டால் இங்கிலிஷ்காரன்ரை முறையாம். அந்தக் காலத்து லண்டன் கனவான்மார் உப்பிடித்தான் வெளிக்கிட்டவையாம். அங்கையும் ஒவ்வொருத்தனுக்கு ஒவ்வொரு விசராம், ஒருத்தன் பச்சைக் கையுறை, ஒருத்தன் மூண்டு வெஸ்கோட்டு, அதுதான் கனவானுக்கு அழகாம். இவர் இருக்கிறது மொன்றியலிலை. இஞ்சை பிரெஞ்சுக்காரனுக்கு இங்கிலிஷைக் கண்டால் காதுக்குள்ளை எறும்பு போனமாதிரி. எங்கடை பஸ் ட்றைவர் ஒவ்வொரு நாளும் போன்ஜூர் மிலோர்ட், வணக்கம் பிரபுவே எண்டு நக்கலடிப்பான். இவர் தொப்பியைத் தூக்கி மெர்சி சொல்லுவார். நக்கல் எண்டு விளங்காமல் செய்யிறவரோ, விளங்கிக்கொண்டு செய்யிறவரோ, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

வேலையோ? கேளுங்கோ பகிடியை. இந்த டோர்வல் எயாப்போட்டிலைதான், பிளேனுக்குச் சாப்பாடு ஏத்துற ஒரு கொம்பனி. தட்டிலை பணிஸ், பட்டர், கரண்டி அடுக்கிறவர். தலைக்கு வலை, கைக்கு உறை. விடிய சென்ட் லோரன்டிலை இந்தக் கோலத்திலை பஸ் ஏறி வந்து, லொக்கரிலை எல்லாத்தையும் கழட்டி, வீட்டிலையிருந்து கொண்டுவந்த மரக் கங்கரிலை கொழுவிப்போட்டு, எட்டு மணித்தியாலம் பணிஸ் அடுக்கிறது. பிறகு எல்லாத்தையும் திரும்பப் போட்டு, ரையைத் திரும்பக் கட்டி, வீட்டை போறது. போய்க் கழட்டுறது. ஆர் பாக்கிறதுக்கு? பஸ்ஸிலை வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொள்ளுற சனம் பாக்கிறதுக்கு. நான் வெயாகவுசிலை சாமான் ஏத்தி இறக்கிற வேலை. அஞ்சு ரீசேட், ரெண்டு களிசான், பனிக்கு ஒரு பாக்காக் கோட்டு. என்னை ஆராவது ஒரு மாதிரிப் பாத்தவையோ?

பெஞ்சாதி செலீன், பாவம். நான் மனிசனைக் கட்டேல்லை அக்கா, அலுமாரியைக் கட்டினனான் எண்டு என்ரை மனிசிக்குச் சொல்லி அழுவா. ரெண்டு அறை வீடு. ஒரு அறையிலை அரைவாசி உவன்ரை கோட்டுகள். பெட்டையின்ரை உடுப்பெல்லாம் பையளுக்குள்ளை கட்டிலுக்குக் கீழை கிடந்தது.

அதுவும் என்ன உடுப்பு? எல்லாம் செத்த வெள்ளைக்காரற்றை. வெஸ்ற்மவுண்ட் பக்கத்துப் பணக்காரக் கிழவங்கள் மண்டையைப் போட, பிள்ளையள் மூட்டையாக் கட்டிப் பழைய உடுப்புக் கடையிலை குடுத்திடுங்கள். உவன் சனிக்கிழமையிலை அதுக்குள்ளை பூந்து கிண்டுறது. உனக்கொரு புதுச்சூட்டு வாங்க வக்கில்லையோடா எண்டு நான் ஒருக்காக் கேட்டனான். அதுக்கு என்ன சொன்னவன் எண்டுறியள்? நல்ல உடுப்பு புதுசு எண்டு தெரியக்கூடாதாம். பெரிய இங்கிலிஷ்காரர் புதுக்கோட்டு வாங்கினால் முதல் வேலைக்காரனிட்டைக் குடுத்து, ஆறு மாசம் அவன் போட்டு உழைச்சாப்பிறகுதானாம் தாங்கள் போடுறது. விசர்க்கதை.

போன வருசம் பிலோமினம்மா எண்டு எங்கடை கட்டடத்து மனிசி செத்துப்போச்சுது. சவச்சாலையிலை வந்த சனம் முழுக்க உவன்தான் சவச்சாலைக்காரன் எண்டு நினைச்சிட்டுது. பெட்டி எத்தினை மணிக்கு மூடுவியள், கழிவறை எந்தப் பக்கம் எண்டு கேக்க, உவன் ஒவ்வொருத்தரையாக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறான். கடைசியிலை மனிசியின்ரை மூத்த மகன் வந்து, நல்லாச் செய்தனீங்கள் ஐயா எண்டு கையிலை இருபது டொலரை வைச்சுப் பொத்தினான். நான் சிரிப்பை அடக்க ஏலாமல் வெளியாலை போட்டன்.

அதெல்லாம் பறவாயில்லை. கலியாண வீட்டிலை உவன் செய்யிற வேலை இருக்கே, அதுதான் கேவலம். வெஸ்கோட்டுப் பொக்கற்றுக்குள்ளை ஒரு சின்னக் கத்தரிக்கோல் வைச்சிருப்பான். எங்கடை பெடியள் புதுச்சூட்டு வாங்கினால் கைநுனியிலை, வெளிப்பக்கமா, கொம்பனிப் பேர் போட்ட ஒரு துணித்துண்டு தைச்சிருக்கும், கண்டிருப்பியள். கடைக்காரன் தன்ரை வசதிக்கு வைக்கிறது. வாங்கினவன் வெட்டி எறியவேணும். எங்கடையள் எறியாதுகள். விலையான சாமான் எண்டு ஊருக்குக் காட்ட அப்பிடியே விட்டுக்கொண்டு திரியுங்கள். கிறகரி மண்டபத்துக்குள்ளை வந்தால் மாப்பிளை பொம்பிளையைப் பாக்கமாட்டான், சாப்பாட்டைப் பாக்கமாட்டான். கையளைப் பாத்துக்கொண்டு திரிவான். ஒண்டைக் கண்டால் போய், மன்னிக்கவேணும் தம்பி எண்டு கையைப் பிடிச்சு, நூலை வெட்டி, அந்தத் துண்டை அவன்ரை உள்ளங்கையிலை வைச்சுப்போட்டுப் போவான். லவாலிலை ஒரு கலியாணத்திலை நிஷான் எண்டு ஒரு பெடியன், மாப்பிளைத் தோழன், நல்ல குடிவெறி, விட்டான் ஒரு அறை. தொப்பி போய்க் கேக் மேசைக்குக் கீழை விழுந்துது. கிறகரி குனிஞ்சு அதை எடுத்து, தூசியைத் தட்டித் தலையிலை போட்டுக்கொண்டு, மிச்ச நூலையும் வெட்டிப்போட்டுத்தான் விட்டவன். நான் வெக்கத்திலை காருக்குள்ளை போய் இருந்திட்டன்.

ஏன் அப்பிடிச் செய்யிறவர் எண்டோ?

கோப்பி ஏதாவது குடிப்பமோ, தங்கச்சி? வேண்டாமோ. சரி.

தொண்ணூற்றாறிலை நாங்கள் மூண்டுபேர் பாங்கொக்கிலை ஒரு அறைக்குள்ளை கிடந்தனாங்கள். நான், கிறகரி, றெக்ஸ். றெக்ஸுக்கு அப்ப பத்தொன்பது வயது. மீசையும் ஒழுங்கா வரேல்லை. கனடாவுக்குக் களவா ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் ஆளுக்கொரு மலேசியாப் பாஸ்போட்டும் கோட்டும் ரையும் தந்து, பிஸ்னஸ்காரர் மாதிரிப் போகவேணும், பிஸ்னஸ்காரனை ஒருத்தனும் கேள்வி கேக்கமாட்டான் எண்டவன். எனக்கும் கிறகரிக்கும் ஆரோ போட்டுக் கழட்டின கோட்டு. றெக்ஸ் மெலிஞ்ச பெடியன், ஒண்டும் அளவில்லை எண்டு அவனுக்கு மட்டும் கடையிலை புதுசு வாங்கிக் குடுத்தவன். கிறகரிதான் தம்பிக்கு அதைப் போட்டு அளவு பாத்தது. போட்டுப் பாத்திட்டு, மாப்பிளை மாதிரி இருக்கிறாயடா எண்டவன். அடுத்த நாள் கிறகரியை முதல் அனுப்பினது. போகேக்கை தம்பியின்ரை கையைப் பிடிச்சு என்ரை கையிலை தந்து, அரி, உவனைப் பத்திரமாக் கூட்டிக்கொண்டு வா எண்டவன். ஒம்பது நாளாலை நாங்கள் ரெண்டுபேரும் வெளிக்கிட்டம்.

நடுவிலை பிளேன் மாறுற இடத்திலை ஒரு ஒப்பிசர். பாஸ்போட்டை வடிவாப் பாக்கவுமில்லை. றெக்ஸ் அதை நீட்டின கையைத்தான் பாத்தவன். கோட்டுக் கைநுனியிலை இருந்த துணித்துண்டை விரலாலை ஒருக்காத் தடவிப்போட்டு, பக்கத்திலை நிண்டவனைக் கூப்பிட்டுக் காட்டினான். ரெண்டுபேரும் சிரிச்சாங்கள். பிஸ்னஸ்காரன் லேபிளோடை கோட்டுப் போடமாட்டான் எண்டு அவங்களுக்குத் தெரியும். எங்களுக்கு ஆர் சொன்னது? றெக்ஸை ஒரு அறைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாங்கள். பெடியன் என்னைத் திரும்பிப் பாத்தவன். நான் வரிசையிலை மூண்டு பேருக்குப் பின்னாலை. ஆரையும் தெரியாத ஆள் மாதிரிச் சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டன். என்னை ஒண்டும் கேக்காமல் விட்டிட்டாங்கள்.

அவனைத் திருப்பி அனுப்பி, கொழும்பிலை இறங்கின உடனை பிடிச்சு, பதினாலு மாசம் உள்ளுக்கை. வெளியாலை வரேக்கை ஒரு காது கேக்காது.

நான் இஞ்சை வந்து சேர, எப்பிடிப் பிடிபட்டவன் எண்டு கிறகரி கேட்டான். கையிலை லேபிள் இருந்தது மச்சான், நான் கவனிக்கேல்லை எண்டன். அவன் அழேல்லை. நான்தான் கோட்டைப் போட்டுவிட்டனான், நான் பாத்திருக்கவேணும் எண்டான். அவ்வளவுதான். அடுத்த கிழமை லைப்ரரிக்குப் போய் ஆம்பிளையளின்ரை உடுப்பைப் பற்றி ஒரு இங்கிலிஷ் புத்தகம் எடுத்துக்கொண்டு வந்தான். அகராதியைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு படிச்சவன். கோட்டுக்கு எத்தினை பொத்தான் பூட்டவேணும், சேட்டுக் கை எவ்வளவு வெளியாலை தெரியவேணும் எண்டு கொப்பியிலை எழுதினவன். தொடங்கினது அங்கைதான். அண்டையிலையிருந்து அவனைப் பாத்து ஒருத்தரும் பிழை சொல்ல ஏலாது. சிரிக்கலாம். பிழை சொல்ல ஏலாது.

நான் சிரிச்சனான். எல்லாருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பன், விசரன், கோமாளி எண்டு. இப்ப உங்களுக்குச் சொன்ன மாதிரித்தான். அப்பிடிச் சிரிக்காட்டி உவனோடை ஒரு மேசையிலை இருந்து என்னாலை சோறு தின்ன ஏலாது, தங்கச்சி.

போன கிழமை, விசா வந்த சந்தோசத்திலை, கிறகரி முதன்முதலா றெக்ஸிட்டைப் போனிலை மன்னிப்புக் கேட்டவனாம். அந்த லேபிளை நான் பாக்காமல் விட்டிட்டன், என்னை மன்னிச்சுக்கொள்ளடா எண்டு. அந்த லேபிளோ எண்டு றெக்ஸ் ரெண்டுதரம் திருப்பிக் கேட்டவனாம். பேந்துதான் சொன்னவனாம், ஒரு விசயம் இருக்கு, நேரிலை சொல்லுறன் எண்டு.

இல்லை, அது என்ன விசயம் எண்டு கிறகரிக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். உங்களுக்கேன் சொல்லுறன் எண்டால், உங்களை நான் இனிக் காணப்போறேல்லை.

அந்தா, ஆக்கள் வரத் தொடங்கிட்டினம். எழும்பி முன்னாலை போய் நில்லுங்கோ, மாமி தேடப்போறா. நான் இதிலை இருக்கிறன்.

றெக்ஸ் விசரன் இல்லை, தங்கச்சி. வெளிக்கிட்ட அண்டு விடிய, கட்டில் நுனியிலை இருந்து, சவரம் எடுக்கிற பிளேட்டாலை அந்த லேபிளைத் தானாத்தான் வெட்டிக் கழட்டினவன். நான்தான் பேசினனான். மொக்கா, விலையான கோட்டு எண்டு அவங்களுக்குத் தெரியட்டும் எண்டு சொல்லி, கீழை ஹோட்டல்காரியிட்டை ஊசியும் நூலும் வாங்கிக்கொண்டு வந்து, நான்தான் திருப்பித் தைச்சு விட்டனான்.