டாக்டருக்கு எட்டு மார்க்

ராயபுரத்தில் ரயில் கிளம்பிய பிறகு ஓடிவந்து ஏறினார்கள், புருஷனும் பெண்டாட்டியும். அவர் கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. என் எதிரே உட்கார்ந்து மூச்சு வாங்கியதும் அவர் அவளிடம் பெருமையாகச் சொன்னார்.

“டாக்டருக்குப் பத்துக்கு எட்டு மார்க் போட்டேன்.”

“டாக்டருக்கா? டெஸ்ட்டுக்குக் குடுத்த புது மாத்திரை உனுக்கு எப்டி கீதுன்னுதானய்யா கேட்டாங்க?”

“தங்கமான மனுசன். உக்கார வச்சுப் பேசுறாரு. கம்மியா போட்டா மனசு நோவும்ல?”

“கால் மரத்துப்போச்சுன்னு சொன்னியா, இல்லியா?”

“இருமல் கீதா, பசி எடுக்குதான்னு கேட்டாங்க. காலைப் பத்திக் கேள்வியே இல்ல.”

“கேக்கலன்னா வாய மூடிக்குவியா? உன் எட்டு மார்க்க நம்பி நாளிக்கு எல்லாருக்கும் அதே மாத்திரையக் குடுப்பான்யா!”

“கத்தாத. எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும்.”

திருவொற்றியூர் வந்தது. இறங்க எழுந்தபோதுதான் அவருடைய இடது கால் வெறுங்காலாக இருப்பதை அவள் பார்த்தாள்.

“இன்னொரு செருப்பு எங்கய்யா?”

“கால்லதான் கீது” என்றார் அவர், குனிந்து பார்க்காமலே.