வெட்டி எறிந்த மூச்சு

மேடையில் தலைமை ஏற்றிருக்கும் பாதிரியார் கிளேபோர்ன் அவர்களே! மகனைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி ஹலினா மஸூர் அவர்களே! டெட்ராய்ட் மாநகரத்தின் ராப் பாடகர்களே! பின்சுவரில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, வந்ததிலிருந்து என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் என் பிள்ளைகளே! உங்கள் அனைவருக்கும், வெள்ளிக்கிழமைதோறும் இந்த மேடையை நடத்தும் ஓலெட்டாவின் வணக்கம்.

பின்னால் நிற்பவர்கள் அழ வரவில்லை, கேட்க வந்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும். ஸ்டெஃபான் மஸூர் நம்மவனா, நம் வீட்டுக்குள் புகுந்த திருடனா? அதுதானே கேள்வி? கேளுங்கள். கறுப்பர்கள் பெற்று வளர்த்த கலை இது. கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கிறது?

நம் லமாண்ட் கெய்தரும் முதலில் இதைத்தான் கேட்டான். இதே மேடையில், வெள்ளிக்கிழமைப் போட்டியில், எதிரே நின்ற வெள்ளைக்காரப் பையன் ஸ்டெஃபானைப் பார்த்து லமாண்ட் பாடினான்:

"டேய் சாக்பீஸு! கரும்பலகை நாங்க இல்லன்னா, உன் எழுத்து எவன் கண்ணுக்குடா தெரியும்?"

அரங்கம் அதிர்ந்தது! நானே வயிறு வலிக்கச் சிரித்தேன். பையன் இத்தோடு மூட்டை கட்டிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவனோ மைக்கை வாங்கினான்.

"தெரியாதுண்ணே. அதான் உங்ககிட்ட வந்து நிக்கிறேன். ஆனா எழுத எழுதத் தேயுறது நான்தான், பலகை இல்ல."

தோழர்களே! தன்மேல் வீசிய கல்லை எடுத்துத் தன் பெயராகவே வைத்துக்கொண்டவன் அவன்! அன்றுமுதல் அவன் சாக்பீஸ். "நானும் உங்களைப் போல ஏழைதான்" என்று ஒட்டிக்கொண்டானா? நம் பேச்சைக் கடன் வாங்கி நம்மைப்போல நடித்தானா? இல்லை! தான் வெள்ளையன் என்பதை ஒவ்வொரு பாட்டிலும் முதல் ஆளாகத் தானே சொல்லிவிடுவான். பிறகுதான் விளையாட்டைத் தொடங்குவான். சொல்வித்தகன் என்று அவனை நான் அழைப்பது செத்துப்போனவன் என்பதற்காக அல்ல.

இனி அந்தப் பாட்டுக்கு வருகிறேன். நீங்கள் வந்ததே அதற்காகத்தானே?

ஸ்டெஃபானின் அப்பா வீடுகளுக்குச் சாயம் பூசியவர். அந்த வரி இப்படி வரும்: "அப்பா ஊர் வீட்டுக்கெல்லாம் வெள்ளையடிச்சாரு. நான் உங்க வீட்டுக்கு வந்தேன், வெள்ளைய… அடிக்க!"

நடுவில் ஒரு மூச்சு. கவனித்தீர்களா? மூச்சு விட்டுச் சொன்னால், வெள்ளையை அடிக்க வந்தவன்; அது சண்டை. தன் தோல் தனக்குக் கொடுத்த திமிரை எதிர்த்து அவன் போட்ட சண்டை. மூச்சை விழுங்கிச் சொன்னால்? நம் வீட்டுச் சுவரில் அவன் சுண்ணாம்பு பூசுகிறான். நம்மையே அழிக்கிறான்!

அவன் மூச்சிழுப்பு நோய்க்காரன். எந்த மூச்சு எங்கே விழ வேண்டும் என்று ஆராய்ந்தே எழுதுவான். ஒலிப்பதிவின்போது அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடினான். கூட இருந்த லமாண்டுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏன்டா, ஒரு மூச்சுக்கு இவ்வளவு பாடா? சேத்துப் பாடிட்டு வாயேன், பசிக்குது."

"சேத்துப் பாடினா நான் வேற ஆளாயிருவேன்ணே."

அவன் சொன்னது அப்படியே நடந்துவிட்டது! அவன் இறந்த பிறகு, ஒலிப்பதிவு செய்த இசை நிறுவனம் பாட்டைச் 'சுத்தம்' செய்தது. மூச்சுச் சத்தம் காதை உறுத்துகிறதாம். ஒன்றுவிடாமல் வெட்டி எடுத்துவிட்டு வெளியிட்டார்கள். "வெள்ளையடிக்க வந்தேன்" என்று ஊரே கேட்டது. ஊர் கொதிக்காமல் என்ன செய்யும்? யாரோ போய் இந்தத் தாயின் வாசற்கதவில் கறுப்புச் சாயத்தை ஊற்றிவிட்டு வந்தார்கள். அவர்கள் இங்கேதான் நிற்கிறார்கள் என்றும் எனக்குத் தெரியும்.

என்ன தம்பி? உரக்கச் சொல்! "ஆதாரம் எங்கக்கா? செத்தவனுக்கு வக்காலத்தா?" என்கிறாய்.

ஆதாரம் இல்லை. திருமதி ஹலினாவை அழைத்துக்கொண்டு நானே அந்த நிறுவனத்துக்குப் போனேன். அவர் அங்கே என்ன கேட்டார் தெரியுமா?

"பாட்டெல்லாம் நீங்களே வச்சுக்குங்கய்யா. எம்புள்ள விட்ட மூச்ச மட்டும் குடுத்துருங்க."

"அது குப்பைன்னு அழிச்சுட்டோமேம்மா" என்றான் அங்கிருந்தவன். அந்தத் தாய் எழுந்து வந்துவிட்டார்.

ஆக, மிஞ்சியிருப்பது ஒரு சாட்சி மட்டுமே. அவனை இந்த மேடையில் அதிக முறை தோற்கடித்தவன், அவனைப் புகழ எந்த அவசியமும் இல்லாதவன். லமாண்ட், எழுந்து நில்லப்பா. அந்த மூச்சைக் கேட்டாயா, இல்லையா?

"கேட்டேன்கா. என் காதால கேட்டேன்."

அவ்வளவுதான் என்னிடம் இருப்பது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் நான் உறுதி கூறுகிறேன்: வெளியிட்ட அந்தப் பாட்டை நிறுவனம் திரும்பப் பெறும்வரை ஓயமாட்டேன்! ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இந்த மேடையில் லமாண்டின் குரலில் அந்த வரி ஒலிக்கும், மூச்சோடு ஒலிக்கும்!

வழக்கப்படி இப்போது உங்களை மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்கச் சொல்ல வேண்டும். சொல்லமாட்டேன். பாடி முடித்தவனுக்கு இந்த அரங்கம் சத்தம் கொடுத்தால் அவன் நம்மவன். வாயை மூடிக்கொண்டால் அவன் வெளியே போகலாம். இங்கே மௌனம் அஞ்சலி அல்ல, தீர்ப்பு.

ஸ்டெஃபான் பாடி முடித்துவிட்டான். அவனுடைய தாய் உங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார். உங்கள் முகம் அவருக்குத் தெரியாது. காதில் விழுவதை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்.

பின்சுவர்ப் பிள்ளைகளே, உங்களிடமிருந்து தொடங்குகிறேன். அவன் யார்?