தூக்காத கொடி

— கையெழுத்து போடுமா. நாவலூர் கோச் ஸ்டெபின் வெளிய நின்னுகினு கீறாரு. அவரு கம்ப்ளைண்டோட நம்ம ரிப்போர்ட்டும் சேந்து போவணும்.

— படிச்சிட்டுப் போடறேன் துர்காக்கா.

— இன்னாத்த படிக்கிற? நாலு வரி. எண்பத்தெட்டாவது நிமிஷம் பல்லாவரம் பொண்ணு பெனால்டி பாக்ஸுக்குள்ள பந்த கையால தொட்டுச்சுன்னு நாவலூர்க்காரங்க சொல்றாங்க. கூட்டமா இருந்ததால ரெஃபரி துர்காவுக்கும் தெரில, லைன்ல நின்ன ஜோசலினுக்கும் தெரில. அவ்ளோதான்.

— எனக்குத் தெரியலன்னு நான் எப்பக்கா சொன்னேன்?

— தெரிஞ்சிருந்தா கொடிய தூக்கியிருப்ப. தூக்கல. இத தனியா வேற கேக்கணுமா?

— பாத்தேன்க்கா. மூணாம் நம்பர் பொண்ணு. முழங்கைய மடக்கி, பந்த இப்படி ஒரு தள்ளு. தெரியாம பட்டதுகூட இல்ல.

— கதவ சாத்து மொதல்ல.

— சாத்திட்டேன்.

— மெதுவா பேசு. பாத்துட்டு ஏன் தூக்கல?

— ரெஃபரி லாசரஸ் சார் க்ரூவுல நாலு வருஷம் லைன் பாத்திருக்கேன்ல. மேட்சுக்கு முன்னாடி ஒரே விஷயம்தான் சொல்வாரு. "ஆஃப்சைடும் த்ரோவும் உங்களுது, பாக்ஸ் என்னுது. உள்ள கொலையே நடந்தாலும் உங்க கொடி கீழ இருக்கட்டும்."

— அந்தாளு அப்டித்தான். ராஜகோபால் சாரு இன்னும் மோசம். லைன் பக்கம் மூஞ்சியே திருப்ப மாட்டாரு. நீ தூக்கிப் புடிச்சிகினு சுதந்திர தினத்துக்கு நட்ட கம்பம் மாதிரி நிக்க வேண்டிதான்.

— சிரிப்பு வரலக்கா.

— செரி செரி. நான் இன்னா சொன்னேன் உனுக்கு, பூட்ஸ் மாட்டிகினு இருந்தப்ப?

— "பாத்தா தூக்கு, யோசிக்காத"ன்னு சொன்னீங்க. நானும் தலையாட்டினேன். கைதான் கேக்கல.

— அதான் பழக்கம்ன்றது. உங்கூட எனுக்கு மொத மேட்சு. ஒரு க்ரூவுல இருந்து இன்னொரு க்ரூவுக்கு வந்தா யாருக்கும் ரெண்டு மேட்சு ஆவும். இதப் போயி மனசுல வச்சிகினு பேஜார் பண்ணாத.

— பழக்கம்னு சொன்னா பாதிதான்க்கா உண்மை.

— மீதி இன்னா?

— கொடிய அழுத்திப் பிடிச்சிருந்தேன். கையில தடமே விழுந்திருக்கு, பாருங்க. தூக்கணும்னு தோணுச்சு. அப்புறம், இது என் வேலை இல்லன்னு உள்ள ஒரு குரல். அந்தக் குரல் கேட்டதும் அப்படி ஒரு நிம்மதி வந்துச்சுக்கா. அதுதான் இப்ப அருவருப்பா இருக்கு.

— நீ ஸ்கூல்ல புள்ளைங்களுக்கு பி.டி. எடுக்கறியா, இல்ல பாவ மன்னிப்பு கேக்க வந்துக்கிறியா?

— நாவலூர் ஒன்பதாம் நம்பர் பொண்ணு என்கிட்ட ஓடி வந்துச்சு, தெரியுமா? "மேடம், உங்களுக்கு நேரா தானே நடந்துச்சு?"ன்னு கேட்டுச்சு. சத்தம்கூட போடல. நான் சுண்ணாம்புக் கோட்டப் பாத்துட்டு நின்னேன்.

— ஒண்ணுக்கு சைபர்ல தோத்தாங்க. பெனால்டி குட்த்தா மட்டும் அது உள்ள போயிருக்கும்னு யாரு கண்டா?

— போகாமகூட இருந்திருக்கலாம். ஆனா அடிச்சுப் பாத்துட்டு தோத்திருப்பாங்க. இப்ப லீக்லயே இல்ல.

— ஜோசி, இங்க பாரு. ஞாயித்துக்கெழம கோவிலம்பாக்கம் மேட்சு. கொடி இல்ல, விசில். நடுவுல நீ. எத்தினி வருசமா கேட்டுகினு இருந்த?

— ஆறு வருஷம்.

— ஆறு வருசம். பேரு போட்டு லிஸ்டு வந்துட்ச்சு. "பாத்தேன், தூக்கல"ன்னு எழிதினா அந்த விசில நாளைக்கே புடுங்கிடுவாங்க. திருப்பி இன்னொரு ஆறு வருசம் கோட்டு மேலயே ஓடினு கெட.

— தெரியும். காலைல முதல் ஆராதனைக்கே போயிட்டு வந்துடலாம், அப்பதான் கிரவுண்டுக்கு நேரமாவாதுன்னு எங்க வீட்டுக்காரர் ஃபிரெடி சொல்லிட்டிருக்காரு. அவங்க அம்மாகிட்ட வேற சொல்லிட்டாரு.

— அப்ப போடு கையெழுத்த.

— நடுவுல நிக்கிறப்ப எதையாவது பாத்துட்டு மறுபடி அந்த நிம்மதி வந்துடுச்சுன்னா? அப்ப யார் கொடிய எதிர்பாத்து நிப்பேன்?

— நீ இன்னாமா, இவ்ளோ யோசிச்சிகினு...

— பேனா குடுங்கக்கா. உங்க ரிப்போர்ட்ட நான் அடிக்கல. கீழ தனியா எழுதறேன். "லைனில் இருந்த நான் தெளிவாகப் பார்த்தேன். கொடி தூக்காதது என் தவறு." போதும்ல?

— வாணாம் ஜோசி.

— எனக்காக யோசிக்காதீங்க. நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்கன்னு தெரியுது.

— உனுக்கு மட்டும் இல்ல. நீ எழிதினா என்னியும் கூப்பிட்டு கேப்பாங்க.

— கேட்டா என்ன? போன மாசம் லைன்ல கொடி வராமலே நீங்க தனியா ஒரு பெனால்டி குடுத்ததுக்கு, கூட்டம் சுத்தி வளைச்சு, பஸ் ஸ்டாப் வரைக்கும் போலீஸ் கூட வர வேண்டியதாச்சு. உங்களுக்கு தைரியம் இல்லன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

— அந்த நாள பேசாத.

— சரி, பேசல. விசாரணையில உள்ளத சொல்லுங்க. கூட்டம் மறைச்சுது, தெரியல, லைன்ல இருந்து கொடியும் வரல. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னுது மட்டும்தான். ஏன்க்கா பேனாவ புடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கறீங்க?

— எனுக்கு எதுவும் மறைக்கல ஜோசி. பத்தடி தூரம், நடுவுல ஆளே இல்ல. அந்தப் பொண்ணு கை போனத நல்லா பாத்துட்டு, அப்புறந்தான் திரும்பி உன் கொடிய பாத்தேன்.